பெட்ரோல் டாங்கி ஒழுகினால்: காரைப் பார்க்குமுன் மூச்சைப் பாருங்கள்



சுகாதாரப் பகுதியில் காரைப் பற்றி எதற்கு எழுத்து என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் தோட்டங்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர். 1985-ல் சாலைக்கு வந்த முதல் சாகா வகை வண்டியையும், அதற்கு முந்திய டட்சன், டொயோட்டா வண்டிகளையும் இன்னும் துடைத்துப் போற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. மழையும் சேறும் பட்டுப் பட்டு, அந்த வண்டிகளின் டாங்கியில் துரு பிடிக்கிறது. ஒரு நாள் காலையில் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிகிறது. மூக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

அந்த நேரத்தில் நம்மாட்கள் செய்வது என்ன? ஒரு ரப்பர் குழாயைத் தேடி எடுத்து, டாங்கிக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, பெட்ரோலை ஒரு போத்தலில் பிடிக்கிறார்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் கையால் தடவிப் பார்க்கிறார்கள். செலவை மிச்சம் பிடிக்கத்தான் செய்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் டாங்கியில் உள்ள ஓட்டையைவிட, இந்த இரண்டு வேலைகளும்தான் ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கின்றன. ஆகவே இதைப் பாடமாகவே படித்துக் கொள்வோம்.

1. ஆவிதான் எதிரி

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை; அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. நம் நாட்டு வெயிலில் மட்டுமல்ல, பனிக்கட்டி உறையும் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகிக் கொண்டே இருக்கும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சாக்கடை வழியாக நாலு வீடு தள்ளியும் போகும்.

நம் லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். கார் நிற்கும் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் சமையல் கட்டு, வாசலில் சாமி விளக்கு, கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி. ஒழுகுவது இங்கே, பற்றுவது அங்கே என்று ஆகிவிடும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றிக் கொள்ளும். "வாடை கொஞ்சம்தானே" என்று இருந்துவிடக் கூடாது. மூக்கும் நம்மை ஏமாற்றும். கொஞ்ச நேரம் போனால் வாடை பழகிப் போகும். வாடை போய்விட்டது என்று நினைப்போம், ஆவி அங்கேயேதான் இருக்கும்.

இந்த ஆவியை மூடிய இடத்தில் சுவாசித்தால் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். குடித்தவன் போலத் தள்ளாடுவான். அதிகமானால் நினைவு தப்பும், நெஞ்சுத் துடிப்பும் கெடும். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை மூடி ஓட்டாதீர்கள்.

2. வாயால் உறிஞ்சக் கூடாது

"கொஞ்சம்தான் டிரஸர் ஐயா, உடனே துப்பிட்டேன்" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். துப்பியது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெட்ரோல் தண்ணீரைவிட நைசான திரவம். உறிஞ்சும்போது இருமல் வந்தால், ஒரு வாய் கூட வேண்டாம், சிறிதளவே மூச்சுக் குழாயில் இறங்கினால் போதும். நுரையீரலுக்குள் மளமளவென்று பரவிவிடும். நுரையீரலில் உள்ள சிறு காற்றுப் பைகளை விரிந்தபடி வைத்திருக்க ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பெட்ரோல் அந்தப் படலத்தைக் கெடுத்து, பைகளைப் புண்ணாக்கி விடுகிறது. வயிற்றுக்குள் போன பெட்ரோலைவிட நெஞ்சுக்குள் போன பெட்ரோலே பெரிய அபாயம்.

அடையாளங்கள்: உடனே இருமல், நெஞ்சு எரிச்சல், மூச்சுத் திணறல். சில மணி நேரத்தில் காய்ச்சல் வரலாம். முதலில் லேசாகத் தெரிந்து, அடுத்த நாள் மோசமாவதும் உண்டு. ஆகையால் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று படுத்துத் தூங்கிவிடக் கூடாது.

செய்ய வேண்டியது:

அ. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புங்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆ. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது, இரண்டும் கூடாது. வாந்தி வரும்போது பெட்ரோல் இரண்டாம் தடவை மூச்சுக் குழாயில் இறங்கும்.

இ. பால், இளநீர், எண்ணெய் என்று முறிவு மருந்து தேடாதீர்கள். இதற்கு வீட்டு முறிவு கிடையாது.

ஈ. இருமலோ மூச்சு இறைப்போ ஒரு சிறிது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே நெஞ்சுப் படம் எடுத்து, தேவையானால் பிராண வாயு கொடுத்து, பல மணி நேரம் கவனித்துத்தான் அனுப்புவார்கள். மயங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ 999 அழையுங்கள்.

பெட்ரோலை எடுத்தே ஆக வேண்டுமானால், ரப்பர் உருண்டையைக் கையால் அமுக்கி இழுக்கும் சிறு பம்பு இரும்புக் கடையில் கிடைக்கும். அதுவும் வெட்ட வெளியில்தான். புல்வெட்டும் இயந்திரத்துக்காகக் காரிலிருந்து பெட்ரோல் இறக்குகிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

இன்னொன்று. எடுத்த பெட்ரோலைத் தண்ணீர்ப் போத்தலிலோ சர்பத்துப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்கு அது பெட்ரோல் என்று எப்படித் தெரியும்? மூடி இறுகும், பெட்ரோலுக்கென்றே செய்த கலனில் ஊற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

3. தோலும் கண்ணும்

வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பெட்ரோல் சட்டையில் சொட்டி ஊறும். முதலில் சில்லென்று இருக்கும். ஊறிய துணி உடம்போடு ஒட்டியே இருந்தால் தோல் சிவந்து, நெருப்புப் பட்டது போலக் கொப்புளம் கட்டும். உடனே சட்டையைக் கழற்றி, சவக்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் துணியை அடுப்புப் பக்கமோ துணி துவைக்கும் மெஷினிலோ போடாதீர்கள். வெளியில் காற்றாட உலர விட்டுப் பிறகு தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்து 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. பல காலம் உடம்பில் சேர்ந்தால் எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடத்தைக் கெடுத்து, இரத்தப் புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

4. ஒழுகுவதைக் கண்டால்

முதலில் ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, தள்ளி அனுப்புங்கள். சிகரெட், அடுப்பு, விளக்கு, கொசுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். என்ஜினை முடுக்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றவும் வேண்டாம். கழற்றும்போது பொறி பறக்கும்.

சொட்டுச் சொட்டாக மட்டும் ஒழுகினால், நாலு பேர் சேர்ந்து வண்டியைக் கையால் தள்ளி, வீட்டை விட்டுத் திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள். ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பினால் போதும். தாரையாக ஓடினால் வண்டியைத் தொடாதீர்கள். தூரமாகப் போய் நின்று 999 அழைத்து தீயணைப்புப் படையை வரச் சொல்லுங்கள்.

சொட்டுவதைப் பிடிக்கத் தகர டின் வையுங்கள். போலிஸ்திரின் கோப்பையைப் பெட்ரோல் கரைத்துவிடும். தரையில் கொட்டியதன் மேல் மணலைப் போடுங்கள். தண்ணீர் விட்டுச் சாக்கடையில் தள்ளினால் ஆவி அடுத்த வீட்டுக்குப் போகும்.

எங்கே ஒழுகுகிறது என்று தொடாமலே ஓரளவு சொல்லலாம். டாங்கி நிரப்பிய அன்று மட்டும் ஒழுகினால் மேல் பக்கத்து ஒட்டோ, பெட்ரோல் ஊற்றும் ரப்பர் குழாயோ கெட்டிருக்கும். எப்போதும் சொட்டினால் அடிப்பாகம் துருவேறியிருக்கும். என்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டினால் பம்பு அல்லது அதன் குழாய். இதை ஃபோர்மெனிடம் சொன்னால் அவருக்கும் வேலை சுலபம்.

சவக்காரக் கட்டியைத் தேய்த்து ஓட்டையை அடைப்பது பழைய வழக்கம். அதில் விஷயம் இருக்கிறது. சவக்காரம் பெட்ரோலில் கரையாது. ஆனால் மழைத் தண்ணீரில் கரைந்துவிடும், வண்டி குலுங்கினாலும் உதிர்ந்துவிடும். ஃபோர்மென் வரும்வரை சொட்டைக் குறைக்கலாம். அதை நம்பி ஊருக்குப் பயணம் போகக் கூடாது. துருவைக் கத்தியாலோ இரும்புப் பிரஷாலோ சுரண்டவும் கூடாது. பொறி பறக்கும், ஊசி ஓட்டை விரல் ஓட்டையாகும்.

5. காலி டாங்கியை நம்பாதீர்கள்

நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி பொல்லாதது. நிறைந்த டாங்கிக்குள் ஆவி மிஞ்சிக் காற்று குறைவு. காலி செய்த டாங்கியில் மிச்சமிருக்கும் ஈரத்திலிருந்து ஆவி கிளம்பி, காற்றோடு சரியான அளவில் கலந்து நிற்கும். வெல்டிங் நெருப்புப் பட்டால் குண்டு போல வெடிக்கும். தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் போதாது. துருவிலும் மடிப்பிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். டீசல் டாங்கியும், சூடேறினால் இதே கதைதான். இந்த வேலைக்கென்றே சாதனம் வைத்திருக்கும் ரேடியேட்டர் கடையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் டாங்கியை மாற்றுங்கள்.

தோட்டப் பட்டறையில் வேலை செய்யும் தோழர்கள் இதையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமுலில் இருக்கிறது. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் அந்த அபாயத்தை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உரிமை உண்டு. "சும்மா ஒரு ஒட்டு போடப்பா" என்று கழுவாத டாங்கியைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மேலாளரிடம் சொல்லுங்கள், கமிட்டித் தலைவருக்கும் தெரிவியுங்கள்.

6. தீப்பிடித்தால்

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். சின்னத் தீக்கு மணல், உலர்ந்த தூள் அணைப்பான். பெரிதானால் ஓடுங்கள்; கார் போனால் போகட்டும்.

ஆள் மேல் பற்றினால் ஓட விடாதீர்கள். தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். கனமான பருத்திப் போர்வையோ ஈரக் கோணிச் சாக்கோ போட்டு அமுக்குங்கள். அணைந்ததும் புண்ணின் மேல் 20 நிமிஷம் ஓடும் தண்ணீர் விடுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கிச்சாப், பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

கமிட்டித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கார்கள் நிற்கும் இடத்தில் இரண்டு வாளி மணலும், தூள் அணைப்பான் ஒன்றும் வைக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

வீட்டில் எல்லாரும் மனதில் வைக்க வேண்டியவை:
வாயால் உறிஞ்சாதே.
குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதே.
குடிக்கும் போத்தலில் ஊற்றாதே.
காலி டாங்கியில் நெருப்பு வைக்காதே.
இருமல் வந்தால் விடியட்டும் என்று காத்திராதே.

டாங்கிக்குப் பழைய சாமான் கடையில் மாற்று கிடைக்கும். நுரையீரலுக்குக் கிடைக்காது.