இரும்பைப் பூட்டிவைக்கும் புரதம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சம்பா பருவத்தில் குமராட்சிப் பக்கம் தண்ணீர் தேங்கும் களிமண் வயல்களில், வடிகால் ஓரம் காவி படிந்து கிடக்கும். சில இடங்களில் அதன்மேல் பளபளவென்று ஒரு படலமும் மிதக்கும். இரும்புக்கும் மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலில் நம் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். மீதி நடப்பதெல்லாம் பாக்டீரியாவின் உடலுக்குள். அதைப் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: வடிகாலில் வானவில் நிறத்தில் மிதப்பது எஞ்சினிலிருந்து கசிந்த டீசல்.

உண்மை: டீசலாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இரும்புதான். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் உடனே மறுபடி கூடிக்கொள்ளும். இரும்புப் படலம் என்றால் சில்லு சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். வயலில் நீர் கட்டிய ஓரிரு நாளில் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது சில பாக்டீரியாக்கள் கரையாத ஃபெரிக் இரும்பைக் கரையும் ஃபெரஸ் இரும்பாக மாற்றுகின்றன. அந்த நீர் வடிகாலுக்கு வந்து காற்றுப் பட்டதும் மீண்டும் துருவாகப் படிகிறது.

நம்பிக்கை 2: மண் முழுக்க இரும்பு இருக்கும்போது பாக்டீரியா அதைச் சேமிக்க வேண்டியதில்லை.

உண்மை: இருப்பது வேறு, கிடைப்பது வேறு. காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு துருவாக இறுகிக் கிடக்கிறது. நீரில் கரைவது மிகச் சொற்பம். நீர் தேங்கினால் நிலைமை தலைகீழ். இரும்பு மிதமிஞ்சிக் கரைகிறது. உடலுக்குள் கட்டுப்பாடில்லாமல் திரியும் ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்தால், டி.என்.ஏ.வையே சிதைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு உருவாகிறது. ஆக, பஞ்சத்துக்குச் சேர்த்துவைக்கவும் வேண்டும், நஞ்சாகாமல் பூட்டிவைக்கவும் வேண்டும். இரண்டையும் பாக்டீரியோஃபெர்ரிடின் என்ற ஒரே புரதம் செய்கிறது. உயிர் உரமாக விற்கப்படும் அசட்டோபாக்டர் இனத்தில் இந்தப் புரதம் இருப்பதை ஸ்டீஃபெலும் வாட்டும் 1979இல் அறிவித்தார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஏராளமாக இரும்பு வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்குக் கையிருப்பு தேவைப்படுவதில் வியப்பில்லை.

நம்பிக்கை 3: குதிரில் நெல் கொட்டுவதுபோல இரும்பு இந்தப் புரதத்துக்குள் போய் விழுகிறது.

உண்மை: அதற்கு முன் ஒரு பதிவுச் சடங்கு உண்டு. பாக்டீரியோஃபெர்ரிடின் என்பது 24 துணையலகுகள் கூடிய உள்ளீடற்ற கோளம். வெளி விட்டம் சுமார் 12 நானோமீட்டர், உட்குழி சுமார் 8 நானோமீட்டர். ஒவ்வொரு துணையலகின் நடுவிலும் இரண்டு இரும்பு அயனிகள் அருகருகே அமரும் ஓர் இடம் இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் நான்கு குளுட்டமேட்டுகளும் இரண்டு ஹிஸ்டிடின்களும் சேர்ந்து அந்த இடத்தை அமைக்கின்றன. குளுட்டமேட்டின் எதிர்மின் ஆக்சிஜனும் ஹிஸ்டிடினின் நைட்ரஜனும் நேர்மின் கொண்ட இரும்பைப் பிடிக்கின்றன. அங்கேதான் ஃபெரஸ் ஃபெரிக்காக மாறுகிறது.

அடுத்த கட்டம் எல்லாப் பாக்டீரியாவிலும் ஒன்றல்ல. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் அந்த இரும்பு நகர்ந்து உட்குழிக்குள் போகிறது. ஈ.கோலையில் அந்த இணை இடம்விட்டு அசையாமல் வினையூக்கியாக நிற்கிறது; குழிக்குள் இருக்கும் வேறு இரும்பிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கி ஆக்சிஜனுக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டு வழியிலும் கடைசியில் குழிக்குள் கனிமமாகப் படிவது ஒன்றே. ஒரு கோளத்தில் 2,000க்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள் தங்கும்.

நம்பிக்கை 4: துணையலகில் இரும்பு அமரும் இடத்தில் வேறு உலோகம் பொருந்தாது.

உண்மை: துத்தநாகமும் கோபால்ட்டும் தாராளமாகப் பொருந்தும். துத்தநாகம் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இரும்பைப்போல எலக்ட்ரானை இழக்காது. இடம் அடைபட்டு, இரும்பு படிவதே தடைபடும். கோபால்ட் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது என்பதால், ஆய்வாளர்கள் அதை இரும்புக்குப் பதிலாள் ஆக்கி, ஒளி உறிஞ்சல் மாறுவதைக் கொண்டு ஓர் இடத்தில் எத்தனை அயனி அமர்கிறது என்று கணக்கிட்டார்கள்.

இதெல்லாம் சோதனைக் குழாயில், தூய்மைப்படுத்திய புரதத்தில் கண்டவை. ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் அடியுரமாகப் போட்டால் மண்ணிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. உயிருள்ள செல் தனக்குள் துத்தநாகத்தைக் கணக்காகக் கட்டுப்படுத்துகிறது.

நம்பிக்கை 5: இரத்தப் பரிசோதனையில் வரும் ஃபெர்ரிடினும் இதுவும் ஒன்றேதான்.

உண்மை: சொந்தம் உண்டு, ஒன்றல்ல. விலங்கு ஃபெர்ரிடினை 1937இல் லௌஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். அதுவும் 24 துணையலகுக் கோளம்தான். பாக்டீரியோஃபெர்ரிடினில் கூடுதலாக 12 ஹீம்கள், இரண்டிரண்டு துணையலகுகளுக்கு இடையே ஒன்றாகச் செருகப்பட்டிருக்கின்றன. ஹீமோகுளோபினின் ஹீம்போல ஆக்சிஜனைச் சுமப்பது இவற்றின் வேலையல்ல. சேமித்த இரும்பு தேவைப்படும்போது, பி.எஃப்.டி. என்ற சிறு புரதம் வந்து ஒட்டி எலக்ட்ரான் கொடுக்கும். ஹீம் அதை உள்ளே கடத்தும். துரு மீண்டும் ஃபெரஸாகிக் கரைந்து வெளியேறும்.

நம்பிக்கை 6: இது ஆய்வகத்துக்குள் முடிந்துபோகும் விஷயம்.

உண்மை: காசநோய்க் கிருமிக்கும் இரும்புச் சேமிப்புப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான ஃபெர்ரிடினை இழந்த கிருமி எலிகளில் நீடித்த தொற்றை நிலைநிறுத்த முடியவில்லை, மருந்துகளுக்கும் எளிதில் பலியானது என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. அக்கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில், 12 துணையலகு கொண்ட டி.பி.எஸ். என்ற சிறிய வகைப் புரதத்தின் வடிவத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், தீபங்கர் சட்டர்ஜி குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். சூடோமோனாஸில் இன்னொரு முயற்சி: பி.எஃப்.டி. வந்து ஒட்டும் இடத்தைச் சிறு மூலக்கூறுகளால் அடைக்கிறார்கள். கிருமியின் இரும்பைப் பறிக்க வேண்டியதில்லை. சேமிப்பிலிருந்து எடுக்க முடியாமல் செய்தாலே அதன் வளர்ச்சி தடைபடுகிறது.