மதர்போர்டு வாங்குமுன்...



எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா இங்கே விருத்தாசலத்தில் செராமிக் சூளைத் தொழிலாளி. அவர் சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். ஆசை விடுமா? ஓவர்கிளாக் செய்தேன். அதாவது, பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினேன். மூன்றே மாதத்தில் மதர்போர்டு போச்சு! திறந்து பார்த்தால், பிராசஸர் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றன.

காரணம் என்ன? வேகம் கூடினால் பிராசஸர் அதிக மின்சாரம் இழுக்கும். அதைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பகுதி சூடாகும். திரவம் அடைத்த கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினாலே ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ஆகவே, குறைந்த விலையில் வாங்குவோர் கவனிக்க:

1. சிப்செட்: ஏ.எம்.டி.யில் பி450, பி550 ஓவர்கிளாக்குக்கு இடம் தரும், ஏ520 தராது.

2. வி.ஆர்.எம். மீது ஹீட்சிங்க் கட்டாயம்.

3. திரவம் இல்லாத சாலிட் கெப்பாசிட்டரே நல்லது.

போர்டில் கடுகு போல ஒட்டியிருக்கும் பழுப்புத் துணுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவையும் கெப்பாசிட்டர்தான். பேரியம் டைட்டனேட் என்னும் செராமிக்கால் ஆனவை. நம்ம படிப்புதான் நண்பர்களே!

அப்பாவிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "சூளையில சூட்டை ஒரேயடியா ஏத்தினா சாமான் வெடிச்சிடும்டா. படிப்படியாத்தான் ஏத்தணும்" என்றார்.

எந்தப் புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. மின்னும் விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். சூடு தாங்கும் போர்டுக்குக் கொடுங்கள்!