பழைய வண்டியும் புதிய வரியும் - வரி வதந்திகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வரி என்னும் சொல் எந்தக் காலத்திலும் மக்கள் செவிக்கு இனித்ததில்லை. வரி உயர்ந்துவிட்டது என்ற செய்தி நடந்து வருமானால், வரி உயரப் போகிறது என்ற வதந்தி பறந்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் இவ்வதந்திகளுக்கு மிகுதியும் ஆளாகியிருப்பவர்கள் பழைய வண்டி வைத்திருப்போர் ஆவர்.

இவர்களுள் இரு சாரார் உண்டு. சென்னையிலும் கோவையிலும் பழைய மோரிஸ், பியட், அம்பாசிடர் கார்களைப் பிள்ளைபோல் துடைத்துப் பேணும் பழங்கார் விரும்பிகள் ஒரு சாரார். நம் பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலத்தில், வேறு வண்டி வாங்க வழியில்லாததால் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருப்போர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு வதந்தியால் உறக்கம் கெடும். பின்னவர்க்கோ கைப்பொருளே போகும். ஆதலின் இவ்வதந்திகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு சோதித்தறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வதந்தியின் இலக்கணம்

வதந்தியை முறையாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க உளவியலாளர்களான கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1947-இல் வெளிவந்த தம் நூலில் அவர்கள் ஒரு வாய்பாட்டைத் தந்தனர். ஒரு வதந்தியின் வலிமை, அச்செய்தி கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும், அது எவ்வளவு தெளிவற்றது என்பதையும் பெருக்கினால் வருவது. இங்குக் கூட்டல் இல்லை, பெருக்கல் என்பது நோக்கத்தக்கது. இரண்டில் ஒன்று பூச்சியமானாலும் விடை பூச்சியமே. வண்டியே இல்லாதவரிடம் வண்டி வரி பற்றிய வதந்தி பரவாது. விதியைத் தெளிவாகப் படித்தவரிடமும் பரவாது.

செய்தி வாய் மாறும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்வதாகவும் அவர்கள் கண்டனர். முதலாவது மழுங்குதல், நுணுக்கங்கள் உதிர்ந்து போதல். அவர்கள் செய்த சோதனைகளில் ஐந்தாறு வாய் மாறுவதற்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு நுணுக்கங்கள் மறைந்தன. இரண்டாவது கூர்மையடைதல், எஞ்சிய ஒன்றிரண்டு செய்திகள் பெரிதாகத் தோன்றுதல். மூன்றாவது தன்வயமாதல், கேட்பவர் தம் எண்ணத்துக்கும் அச்சத்துக்கும் ஏற்பச் செய்தியை வளைத்துக்கொள்ளுதல்.

இத்துறையில் நம் நாட்டவர் முன்னோடியாக இருந்தார் என்பதும் நாம் அறியத்தக்கது. 1934-இல் பீகாரில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தை ஒட்டி எழுந்த வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலாளர் ஆராய்ந்து மறு ஆண்டே வெளியிட்டார். இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்பன அவற்றுட் பல. லியோன் பெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1957-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மனத்தில் அச்சம் முதலில் குடியேறிவிட்டால், அந்த அச்சத்தை நியாயப்படுத்தும் செய்தியை மனம் தானே தேடிக்கொள்கிறது என்பது அதன் சாரம். வரியச்சத்துக்கும் இது பொருந்தும்.

பதினெட்டு விழுக்காட்டின் கதை

மேற்கூறிய மூன்று மாற்றங்களுக்கும் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 21-ஆம் நாள் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 55-ஆவது கூட்டம், பழைய வண்டி விற்பனை மீதான வரியை ஒரே சீராக 18 விழுக்காடாக்கப் பரிந்துரைத்தது. பெரிய கார்களுக்கு ஏற்கெனவே 18 விழுக்காடு இருந்தது. மற்றவற்றுக்கு 12-இலிருந்து 18 ஆயிற்று.

இச்செய்தி நாடெங்கும் எப்படிப் பரவியது? 12 லட்சத்துக்கு வாங்கிய காரை ஒருவர் 9 லட்சத்துக்கு விற்றால், இழந்த 3 லட்சத்தின் மீதும் 18 விழுக்காடு, அதாவது 54,000 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று பரவியது. நட்டத்துக்கும் வரியா என்று படித்தவர்களே பொங்கினார்கள்.

விதி சொல்வதோ வேறு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்று வணிகம் செய்வோர்க்கே அவ்வரி உரியது. தம் சொந்த வண்டியை விற்கும், பதிவு பெறாத தனிமனிதருக்கு அவ்வரி இல்லை. வணிகருக்கும் விற்ற விலை முழுவதன் மீதும் வரி இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள ஆதாயத்தின் மீதே வரி. (தேய்மானம் கணக்குக் காட்டியவராயின் தேய்மானம் போக எஞ்சிய மதிப்பிலிருந்து ஆதாயம் கணக்கிடப்படும்.) ஆதாயம் இல்லையேல் வரியும் இல்லை.

ஆக, 'பதிவு பெற்ற வணிகர்', 'ஆதாயத்தின் மீது' என்னும் இரண்டு சொற்றொடர்கள் மழுங்கிப் போயின. '18' என்னும் எண் கூர்மையடைந்தது. 'நம்மிடம் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள்' என்ற பழைய மனக்குறையோடு அது தன்வயமாயிற்று.

நட்டம் யாருக்கு?

இது வெறும் பேச்சோடு நின்றால் கவலையில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். பரளச்சிப் பக்கத்தில் ஒருவர் தம் பழைய காரை 60,000 ரூபாய்க்கு விற்கப் போகிறார் எனக் கொள்வோம். மிளகாய் விளைச்சல் பொய்த்த ஆண்டு. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். வாங்க வரும் தரகர், "புது வரி வந்திருக்கிறது, 18 விழுக்காடு கழித்துத்தான் எடுக்க முடியும்" என்கிறார். வதந்தியை ஏற்கெனவே கேட்டிருந்த உரிமையாளர் தலையசைக்கிறார். 10,800 ரூபாய் போயிற்று.

பதிவு பெற்ற வணிகர் ஒருவர் அதே காரை 60,000-க்கு வாங்கி 70,000-க்கு விற்றால், அவரது ஆதாயம் 10,000. பழைய விகிதப்படி வரி 1,200. புதிய விகிதப்படி 1,800. மெய்யாகக் கூடியது 600 ரூபாய்தான். 600-க்கும் 10,800-க்கும் உள்ள இடைவெளியே வதந்தி வசூலித்த வரி. அது அரசின் கருவூலத்துக்குப் போகவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இடமும் இனமும் மாறிய செய்திகள்

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளை எல்லாம் பிடுங்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் இத்தகையதே. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என 2018-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது தில்லித் தலைநகர் வட்டாரத்துக்கு. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டோடு பதிவு முடிவது அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. தில்லி என்ற இடமும், அரசு வண்டி என்ற இனமும் உதிர்ந்துபோகவே, இவ்விரண்டும் நம் ஊர் வண்டிகளின் தலையில் வந்து விழுந்தன.

பழங்கார் விரும்பிகளுக்கென 2021 ஜூலையில் மைய அரசு வகுத்த விதியையும் இங்கு நோக்கலாம். முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் இருசக்கர, நாற்சக்கர வண்டிகளை உரிமையாளர் விண்ணப்பித்துப் பழமை வண்டியாகப் பதியலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; பின்னர் மறுபதிவுக்கு 5,000. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம்; அன்றாடப் பயணத்துக்கு ஆகாது. ஏற்கெனவே எண் பெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதில் 'விண்ணப்பித்தால்' என்ற ஒரு சொல்லை நீக்கிவிட்டால், 'பழைய வண்டிக்கெல்லாம் இருபதாயிரம் வரி' என்ற வதந்தி ஆயத்தமாகிவிடும்!

விதையே இல்லாதவை

உண்மையின் விதை சிறிதும் இன்றி முளைப்பனவும் உண்டு. 2025 ஜூலை 15 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் என்ற செய்தி அவ்வாண்டு ஜூனில் பரவியது. எலியார்பத்திச் சுங்கச்சாவடியைக் கடந்து மதுரைக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வரும் நம் பகுதியினர்க்கு அது சிறு செய்தியன்று. ஜூன் 26-ஆம் நாளே துறை அமைச்சர் அதை மறுத்தார். 'நெருப்பில்லாமல் புகையாது' என்பது பழமொழி. வதந்தியுலகில் நெருப்பில்லாமலும் புகையும்.

எல்லாம் பொய்யா?

அதற்காக வரிச்செய்தி எதையும் வதந்தி என்று ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாயாகவும், மோட்டார் சைக்கிளுக்கு 300-இலிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு இதை முறையே 10,000, 2,000 என்றாக்கியது. இவை உண்மை. பொய்யென்று ஆர்.சி. புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவர், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். நம்பினும் நட்டம், நம்பாவிடினும் நட்டம். தீர விசாரிப்பதே மெய்.

நான்கு கேள்விகள்

அந்த விசாரணைக்கு நான்கு கேள்விகள் போதும்.

1. யாருக்கு? வணிகருக்கா, தனிமனிதருக்கா, அரசு வண்டிக்கா?
2. எதன்மேல்? முழு விலை மீதா, ஆதாயத்தின் மீதா? வரியா, கட்டணமா?
3. எந்த ஊருக்கு? தில்லிக்கா, தமிழ்நாட்டுக்கா?
4. எந்த ஆணைப்படி, எந்த நாள் முதல்?

நான்காவது கேள்விக்கு நம் அரசியலமைப்பே துணை நிற்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அதன் 265-ஆவது பிரிவு. எனவே மெய்யான வரிக்கு அரசிதழில் ஓர் எண்ணும் நாளும் இருந்தே தீரும். மைய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019-இலும், தமிழ்நாடு அரசு 2023-இலும் தகவல் சரிபார்ப்புக்கெனத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின. ஐயமுற்றோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

முடிவுரை

வரி வதந்தி பெரும்பாலும் முழுப்பொய் அன்று. நிபந்தனைகள் உதிர்ந்த உண்மை அது. உதிர்ந்ததைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைத்தால் வதந்தி தானே வீழும். மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அரசிதழை வாசித்துப் பொருள் சொல்லும் திறம் ஊரில் சிலருக்கே வாய்த்திருக்கிறது. அச்சிலரில் நாமும் ஒருவர். தரகர் விலை பேச வரும் நாளில் இந்த நான்கு கேள்விகளையும் கேட்க நாம் அருகில் இருந்தால், ஒரு குடும்பத்தின் 10,800 ரூபாய் அந்தக் குடும்பத்திலேயே தங்கும்.