தலைப்பாகை கட்டிய முதலாளிகள்

நாகர்கோவில் ரயிலுக்கு நேரம் இருந்தால் திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸில் ஏறிவிடுவேன். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் மாடிப்படி கிடையாது. சங்குக்குள் நடப்பதுபோல் தரையே சுற்றிச் சுற்றி மேலே போகும். விசிறித் தலைப்பாகையோடு பரிமாறும் அண்ணன் தட்டைச் சாயாமல் ஏந்தி அந்தச் சரிவில் ஏறுவதே ஒரு வித்தை. தோசையைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் மசாலா.

"சர்க்கார் ஹோட்டல், அதான் விலை குறைச்சல்" என்பார்கள். சர்க்காருடையதாக இருந்தது 1950களோடு சரி. காபி போர்டு தன் காபிக் கடைகளை மூட முடிவெடுத்தபோது வேலை போனவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். பெங்களூரில் 1957-ல் முதல் சங்கம். அடுத்த ஆண்டே திருச்சூர் சங்கமும் கடை திறந்தது. தம்பானூர் கிளை அதைச் சேர்ந்தது. நிர்வாகக் குழுவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களான தொழிலாளர்கள்.

"தொழிலாளி முதலாளியானால் ஆறு மாதத்தில் கடைக்குப் பூட்டுத்தான்." அறுபது ஆண்டு தாண்டிவிட்டதே! ஓட்டு இருக்கும் இடத்தில் கோஷ்டியும் இருக்கும், முடிவெடுக்க நாளாகும். மெனு மாறாததற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"தொழிலாளியைக் குழுவில் உட்காரவைத்தால் சம்பளத்தை ஏற்றிவிட்டு முதலீட்டைத் துரத்திவிடுவான்." ஜெர்மனியில் இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு அமைந்தது. 1994 ஆகஸ்டுக்குப் பின் பதிவான, 500 பேருக்குக் குறைந்த பங்குக் கம்பெனிகள் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் ஒரு இடத்தைத் தொழிலாளருக்குத் தரவேண்டிய கட்டாயம் நீங்கியது. அதற்கு முன் பதிவானவற்றுக்கு அது தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள், தொழிலாளர் உட்கார்ந்த கம்பெனிகளில் இயந்திரத்திலும் கட்டடத்திலும் முதலீடு கூடியிருப்பதைக் கண்டார்கள். சம்பளமோ பெரிதாக ஏறவில்லை. முதலாளியின் பயம், தொழிற்சங்கத்தாரின் சம்பள ஆசை, இரண்டுமே பொய்த்தன.

"நம் சட்டத்திலேயே இதெல்லாம் இருக்கிறதே." இருக்கிறது. 1976-ன் 42-வது திருத்தம் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசியல் சாசனத்தில் சேர்த்தது. வழிகாட்டும் நெறி என்பதால் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு, இருதரப்பும் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியை 1947-ன் தொழில் தகராறுச் சட்டமே சொன்னது. அந்தக் கமிட்டி பேசலாம் என்று இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த பட்டியலில் குடிநீர், வெளிச்சம், கேன்டீன் உண்டு. சம்பளம், போனஸ் இல்லை.

தம்பானூர் அண்ணனுக்கு அதில் கவலையில்லை. அவருக்குக் கேன்டீன்தான் கம்பெனியே.