பட்டத்திலும் பேச்சலர், வீட்டிலும் பேச்சலரா?

கேள்வி: மணமாகாத ஆணை ‘பேச்சலர்’ என்கிறோம். பி.ஏ., பி.எஸ்ஸி. பட்டங்களிலும் அதே சொல் வருகிறதே, ஏன்? மணமானவர்களும் பெண்களும்கூட அந்தப் பட்டம் வாங்குகிறார்களே?

பதில்: இரண்டும் ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது இளம் போர்வீரனைக் குறித்தது. சொந்தக் கொடியின்கீழ் படை நடத்தும் தகுதி பெறாமல், மூத்த வீரரின் கொடியின்கீழ் போரிட்டவன் அவன். அவனுடைய சிறுகொடியின் நுனி வால்போல நீண்டிருக்கும். பதவி உயர்ந்தால் அந்த வாலை வெட்டிச் சதுரக் கொடியாக்குவார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் பல்கலைக்கழகத்தில், ‘மாஸ்டர்’ நிலையை இன்னும் எட்டாத மாணவரையும் இச்சொல் குறித்தது. இளையவன் என்ற பொருளே பிறகு மணமாகாதவன் என்றும் விரிந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். ஆகவே பட்டத்துக்கும் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. ‘இளங்கலை’ என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான் மிகச் சரியான பொருள்.