இறுகிய வால்வும் ஆள் பலமும்

“கையில் தெம்பு இருந்தால் திறக்காத வால்வே கிடையாது.” ஆலையில் புதிதாகச் சேரும் பையன்களிடம் இன்றும் இப்படிச் சொல்கிறார்கள். இது தவறு, இதனால் முதுகும் தோளும் போனவர்கள் உண்டு.

8 அங்குல கேட் வால்வ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடிய நிலையில் ஒருபக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் நீராவி; மறுபக்கம் காலி. உள்ளிருக்கும் கதவின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. என்றால், அதை ஒருபக்கமாக அழுத்தும் சுமை 3 டன்னுக்கு மேல். அந்த அழுத்தம் உண்டாக்கும் உராய்வை மீறித்தான் கதவு மேலேற வேண்டும். தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கின் பிடி வேறு. சூட்டில் மூடிய வால்வ் ஆறினால், உடல் சுருங்கி ஆப்பு வடிவக் கதவைக் கவ்விக்கொள்ளும். இதில் எதுவும் ஆளின் புஜபலத்தைக் கேட்டு நடப்பதில்லை. பக்கத்திலுள்ள சிறிய பைபாஸ் வால்வை மெல்லத் திறந்து இருபுற அழுத்தத்தையும் சமமாக்கினால், அதே சக்கரம் வெகுவாக இளகிவிடும். குழாயும் நிதானமாகச் சூடேறும். குளிர்ந்த குழாயில் நீராவியைச் சட்டென விட்டால், தேங்கிய நீர் வேகமாகத் தள்ளப்பட்டுக் குழாயையே உடைக்கக்கூடும்.

எண்ணெய், எரிவாயுக் குழாய்வழி வால்வுகளுக்கான ஏபிஐ 6டி தரநிலை, வால்வை அசைக்கக் கைச்சக்கரத்தில் தேவைப்படும் விசைக்கு 360 நியூட்டன் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 36 கிலோ. ஏணியில் நின்று தலைக்கு மேலிருக்கும் சக்கரத்தை இழுப்பவருக்கு அதுவே அதிகம் என்பேன்.

“கசிகிறதா, இன்னும் இறுக்கு” என்பது அடுத்த நம்பிக்கை. வால்வ் கீயில் நீளமான பைப்பைச் செருகி இறுக்குவார்கள். கதவு உட்காரும் இடத்தில் துருவோ கசடோ சிக்கியிருந்தால், இறுக்க இறுக்க அந்தப் பரப்பில்தான் கீறல் விழும், தண்டும் வளையலாம். சற்றுத் திறந்து, ஓட்டத்தில் கசடு அடித்துச் செல்லப்பட்டபின் மறுபடி மூடிப் பார்க்கலாம். அப்போதும் கசிந்தால் அது பழுதுபார்க்க வேண்டிய வால்வ்.

கியர் மாட்டினால் உழைப்பே இல்லை என்பதும் பாதி உண்மைதான். ஒரு சுற்றுக்குத் தண்டு 6 மி.மீ. ஏறினால், 200 மி.மீ. திறக்க 33 சுற்றுக்கு மேல் வேண்டும். மூன்றுக்கு ஒன்று கியரில் அது 100 சுற்று. விசை குறையும், வேலை நீளும்.

சக்கரம் அசைய மறுத்தால் பைப்பைத் தேடாதீர்கள். ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லுங்கள், லாக் புக்கில் எழுதுங்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்க்கும்வரை கை வைக்காதீர்கள்.