படம் எடுக்கும் முன் பார்க்கப் பழகுவோம்!



இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் ஒரு பொருளைக் கொடுத்து பிளான், எலிவேஷன், சைடு வியூ மூன்றும் போடச் சொல்கிறார்கள். பொருள் ஒன்றுதான். நாம் நிற்கும் இடம் மாறினால் படமும் மாறிவிடுகிறது. புகைப்படக் கலையின் முதல் பாடமும் இதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா?

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் வடிவில் ஒரு கேமரா இருக்கிறது. நாளெல்லாம் படம் எடுத்துத் தள்ளுகிறோம். ஆனால் ஒரு நல்ல படத்தைப் பார்த்தால், "சூப்பர்டா" என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. பெரிய கலைஞர்களின் படங்களைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகியிருக்கிறேன். இவர் எங்கே நின்றார்? எதற்காகக் காத்திருந்தார்? எதை விட்டுவிட்டார்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில்தான் அந்தக் கலைஞரின் பாணி. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இயற்கையும் இடமும்

முதலில் நம் தமிழ் மண்ணிலிருந்தே தொடங்குவோம். லினேயஸ் டிரைப் என்று ஒரு ஆங்கிலேய ராணுவ கேப்டன். 1856-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்தார். பிலிம் ரோல் கூட வராத காலம் அது. மெழுகு பூசிய காகிதம்தான் நெகடிவ். வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும். குறுக்கே ஆள் நடந்து போனால் படத்தில் தெரியவே மாட்டார். அதனால்தான் அவருடைய கோயில் படங்களில் அப்படி ஒரு அமைதி!

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். சர்வே வகுப்பில் செயின் பிடித்து நடக்கிறோமே, அந்தப் பொறுமைதான் இவரது பாணி.

அடுத்தவர் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் (1902 - 1984). மலை, மேகம், நிலா என்று கறுப்பு வெள்ளையிலேயே உலகைக் கட்டிப்போட்டவர். கன்னங்கரிய நிழலிலிருந்து தூய வெள்ளை வரை ஒளியைப் படிப்படியாகப் பிரித்து, எது எந்தப் படியில் விழவேண்டும் என்று எடுப்பதற்கு முன்பே தீர்மானிக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர்.

1941 நவம்பர் 1 மாலை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். மேலே நிலா, கீழே கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். அவசரத்தில் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு எடுத்துவிட்டார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் மறைந்துவிட்டது. ஃபார்முலா மனப்பாடம் எதுக்குன்னு கேட்கிறவங்க இதைக் கவனிக்கணும்!

முகம்

முகப்படத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாமே ஏதாவது செய்து உள்ளே இருப்பதை வெளியே வரவழைப்பது. கனடாவின் யூசுப் கார்ஷ் இந்த வழிக்கு நல்ல உதாரணம். 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் சர்ச்சிலைப் படம் எடுக்க நின்றார். சர்ச்சில் வாயில் சுருட்டு. கார்ஷ் அருகே போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதைப் பிடுங்கிவிட்டார்! சர்ச்சில் முறைத்த அந்த விநாடியில் எடுத்த படம்தான், யுத்த காலத்தில் இங்கிலாந்தின் பிடிவாதத்துக்கே அடையாளமாகிப் போனது.

மற்றொன்று, எதையும் கலைக்காமல் இருப்பது. பிரான்சின் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் (1908 - 2004) இந்த வழிக்காரர். கையில் சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் ஒரே 50 எம்.எம். லென்ஸ். பிளாஷ் போடமாட்டார். பளபளப்பு தெரியாமலிருக்கக் கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வார். இவர் எங்கோ இருந்தவர் என்று நினைக்க வேண்டாம். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம், நாம் கடலூர் வழியாக பஸ் ஏறிப் போகும் பாண்டிச்சேரிக்கு வந்தார். பல வருடங்களாகத் தம்மைப் படமெடுக்க அனுமதிக்காத ஸ்ரீ அரவிந்தரை, அவர் அறையிலேயே, நாற்காலியில் அமர்ந்தபடி எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். அந்தப் படங்களில் புகைப்படக்காரர் ஒருவர் அந்த அறையில் இருந்ததற்கான அறிகுறியே இல்லை.

சுருட்டைப் பிடுங்குவதும் ஒரு பாணி, மூச்சுச் சத்தம் கேட்காமல் நிற்பதும் ஒரு பாணி. எது சரி என்று கேட்டால், எதிரே இருப்பவரைப் பொறுத்தது என்பதே என் பதில்.

தெரு

தெருப் படத்தில் நாம் எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. கார்த்தியே பிரஸ்ஸோன் நல்ல பின்னணி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் வந்து சரியான இடத்தில் கால் வைக்கும் விநாடிக்காகக் காத்திருப்பார். ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942 - 1999) வேறு மாதிரி. ஒரே சட்டத்துக்குள் பத்து விஷயம் நடக்கும். நம்ம தெருவை வண்ணம் இல்லாமல் காட்ட முடியாது என்பது அவர் கட்சி. அம்பாசடர் காரில் நாடு முழுக்கச் சுற்றி, அதன் ஜன்னலையும் கதவையும் கண்ணாடியையுமே படத்துக்குச் சட்டமாக்கினார். தமிழ்நாட்டைப் பற்றி மட்டும் தனிப் புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

நம் கடற்கரையில் எடுத்த படம்

இப்போது சொல்லப் போவது நம் மாவட்டத்துப் படம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் விழுந்து, உள்ளங்கைகளை விரித்து அழும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில், இறந்துபோன உறவினரின் கை மட்டும். 2004-ன் சிறந்த படமாக உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குக் கிடைத்தது.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. படத்தை எங்க பாட்டியிடம் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "செத்தவங்க மொகத்தக் காட்டாம வுட்டாரே தம்பி, அதுவே போதும்."

என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் படித்ததில்லை. அந்தப் படத்தில் அலை இல்லை, உடைந்த படகு இல்லை, இறந்தவரின் முகம் இல்லை. விட்டதால்தான் படம் நிற்கிறது. இன்று ரோட்டில் விபத்து என்றால் தூக்கிவிடும் கைகளை விட செல்போன் நீட்டும் கைகள் அதிகம். விழுந்து கிடப்பது நம்ம அக்காவாக இருந்தால் எடுப்போமா? முதலில் கை கொடுப்போம். படம் எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால், எதை விடவேண்டும் என்று தெரிந்து எடுப்போம்.

செய்து பாருங்கள்

1. வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரே இடத்தில் நின்று காலை, மதியம், மாலை மூன்று படம் எடுங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால், காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் படகுகள் நிழலுருவமாக விழும். மாலையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வருவதால் படகின் வண்ணம், வலையின் முடிச்சு எல்லாம் துலங்கும்.

2. வலை பின்னும் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருங்கள். கடைசியில் ஒரே ஒரு படம். அதை அவரிடம் காட்டுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள்.

3. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பின்னணியைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள். பத்துப் படத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்ற ஏக்கம் வேண்டாம். டிரைப்பின் காகித நெகடிவை விட நம் செல்போன் எவ்வளவோ மேல். நிற்கும் இடமும், காத்திருக்கும் பொறுமையும், விட்டுவிடும் மனசும் காசு கொடுத்து வாங்குவதல்ல. நம் கடற்கரையை ஒருமுறை துயரத்தில் உலகம் பார்த்தது. அதன் மற்ற நாட்களை உலகுக்குக் காட்டவேண்டியவர்கள் இங்கேயே வாழும் நாம்தான்.

எடுங்கள் நண்பர்களே, வாழ்த்துக்கள்!